1876: போன பானையும் வந்த பளிங்கும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் ஏறுகிறவர்களில் பாதிப்பேருக்குச் செந்திலாண்டவனிடம் வேலை இருக்கும். மீதிப்பேர் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி என்று வழியில் இறங்கி வீட்டைப் பார்த்து நடக்கிறவர்கள். ஆதிச்சநல்லூருக்கென்றே சீட்டுக் கேட்பவர் அபூர்வம். ஊர் சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. சாலையோரமாகச் செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. அதன்மேல் முள்ளும் வெயிலும். பார்த்தவுடன் மனதைப் பறிக்கிற இடம் இல்லை. பறிக்க வேண்டியதெல்லாம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. 114 ஏக்கர் என்று சொல்லப்படும் அந்தப் பறம்பு, செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காடு.

வருகிற வழியிலேயே கிருஷ்ணாபுரம் இருக்கிறது. வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத்துக் கல்தச்சர்கள் செதுக்கிய ஆளுயரச் சிலைகள் நிற்கின்றன: கர்ணன், அர்ச்சுனன், மன்மதன், ரதி, ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன். கையில் புடைத்த நரம்பும் விரல் நுனி நகமும் தெரிகிற அளவுக்கு உளி வேலை செய்திருக்கிறது. செதுக்கியவர் யார் என்று கேட்டால் பெயர் கிடைக்காது. கிருஷ்ணாபுரத்தில் இறங்கி ஏறி, பிறகு ஆதிச்சநல்லூர் போவதுதான் நல்ல வரிசை. இந்தப் பயணம் கடைசியில் ஒரு பெயருள்ள சிற்பியிடம் போய் முடியப் போகிறது. அவருக்கு எதிரே நிறுத்திப் பார்க்க இந்தப் பெயரில்லாதவர்கள் வேண்டும்.

ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறந்த கள அருங்காட்சியகம் சின்னதுதான். ஆனால் செய்த காரியம் புத்திசாலித்தனமானது. தோண்டிய குழியை மூடிவிடாமல், தாழிகளைக் கிடந்த கிடையிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் விளிம்பு உடைந்த சிவப்புத் தாழிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடப்பது தெரியும். 2004-2005இல் தியாகராஜன் சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை தோண்டியபோது 160க்கு மேற்பட்ட தாழிகள் வந்தன. அதில் ஒரு ஓட்டின்மேல் களிமண்ணை ஒட்டி ஒட்டி உருவம் செய்திருந்தார்கள்: ஒல்லியாக உயர்ந்து நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் கதிர், கொக்கு, மான், முதலை. இந்த மண்ணின் மாதிரிகள் கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் காட்டின. தாமிரபரணிக் கரையில் பெண் உருவம் செய்யும் கை அவ்வளவு பழையது.

இந்த மேட்டை வெளியுலகுக்குக் காட்டியவர் ஒரு ஜெர்மானியர். பெர்லின்காரரான ஃபெடோர் யாகோர் ஊர் சுற்றுவதையே தொழிலாக வைத்திருந்தவர். பிலிப்பைன்ஸ் பயணம் பற்றி 1873இல் எழுதிய புத்தகத்தால் பெயர் பெற்றவர். 1876இல் திருநெல்வேலிக் கலெக்டரையும் மாவட்ட எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். தோண்டினார். ஐம்பது விதத்துக்கு மேற்பட்ட மண்பாண்டங்கள், இரும்பு ஆயுதங்கள், ஏராளமான எலும்பு, மண்டையோடுகள் கிடைத்தன. எல்லாம் மூட்டை கட்டப்பட்டு பெர்லின் போய்ச் சேர்ந்தன. சூயஸ் கால்வாய் திறந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம் என்ற காலம்.

அதே 1876இல் எதிர்த்திசையில் ஒரு சரக்கு வாங்கப்பட்டது. ஹைதராபாத் நிஜாமின் திவான் முதலாம் சாலார் ஜங் இத்தாலிக்குப் போனபோது, ரோமில் செய்த ஒரு பளிங்குப் பெண்ணை வாங்கினார். முகத்தில் முக்காடு, பெயர் ரெபெக்காள். செய்தவர் ஜியோவன்னி மரியா பென்சோனி. ஆதிச்சநல்லூர்ப் பானைகளைப் பார்க்க விரும்பும் தமிழன் விசா வாங்க வேண்டும். இத்தாலியரின் ரெபெக்காளைப் பார்க்க இரண்டு ரயில் டிக்கெட் போதும்.

முதல் ரயில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த முத்து இப்போது பெயரில் மட்டும்தான் இருக்கிறது. தொலையிரம் பார் போன்ற சிப்பிப் படுகைகளில் மூச்சடக்கி முங்கிய பரதவர்களின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு அரசு குளிப்பே நடத்தவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது ஆராய்ச்சியாக வென்றது. ஊருக்குத் தொழிலாக மாறவில்லை.

காலையில் எழும்பூரில் இறங்கினால் அருங்காட்சியகம் கூப்பிடு தூரம். 1899 முதல் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, கிடைத்ததை பெர்லினுக்கோ லண்டனுக்கோ அனுப்பாமல் இங்கே சேர்த்தார். 1915இல் வெளிவந்த அவருடைய பட்டியல் இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்களின் கையில் இருக்கிறது. நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள், இரும்பு வாள்கள், மண்வெட்டிகள், வெண்கலச் சல்லடைகள். கிண்ண மூடிகளின் உச்சியில் பறவை, எருமை. எருமையின் கொம்பு வளைவைப் பார்க்கிறவர் கொஞ்ச நேரம் நிற்பார். வார்த்தவன் வெறும் மூடி செய்ய நினைத்தவன் இல்லை. ரீ தோண்டிய காலத்தில் இந்த அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் புத்தகம் எழுதியவர் அவர்தான். தூத்துக்குடியின் கடலும் தாழிக்காடும் ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொண்டன.

சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ். விடிந்தால் ஹைதராபாத்.

மூசி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது சாலார் ஜங் அருங்காட்சியகம். மூன்றாம் சாலார் ஜங் மிர் யூசுஃப் அலி கான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பொருள் சேர்த்தார். 1949இல் இறந்தபோது திவான் தேவ்டி மாளிகை முழுக்கச் சாமான். 1951 டிசம்பரில் நேரு அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். 1968இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. ஜேட் பிடி வைத்த கத்தி, பாரசீகக் கம்பளம், ஐரோப்பியப் பீங்கான், யானைத் தந்த நாற்காலி என்று ஒரு குடும்பத்தின் ஆசை அறை அறையாக நீள்கிறது. ரசனை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பணம் இருக்கிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிய தடம் தெரிகிறது.

ரெபெக்காளை வாங்கியவர் அந்த யூசுஃபின் தாத்தா, மிர் துராப் அலி கான். 1853லிருந்து முப்பது வருஷம் திவானாக இருந்து ஹைதராபாத்தின் கஜானாவைத் தூக்கி நிறுத்தியவர். 1876இல் அவர் ஐரோப்பா போனது சுற்றிப் பார்க்க மட்டும் அல்ல. பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த பேரார் பகுதியைத் திரும்பக் கேட்கப் போனார். ரோமில் போப்பையும் அரசர் விக்டர் இம்மானுவேலையும் பார்த்தார். பாரிஸ் ஓட்டல் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த நிலையிலேயே லண்டன் போனார். ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுத்தது. பேரார் கிடைக்கவில்லை. ரெபெக்காள் கிடைத்தாள்.

அவள் யார் என்று நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பார்கள். அந்தப் பெயரில் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி இருந்த வட்டாரம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேட வேலைக்காரனை அனுப்புகிறார். கிணற்றடியில் ஒரு பெண் அவனுக்கும் அவன் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். அவளே மணப்பெண். ஊர் நெருங்கும்போது வயலில் நடந்து வரும் ஈசாக்கைத் தூரத்தில் பார்த்ததும் ஒட்டகத்திலிருந்து இறங்கி முக்காட்டை இழுத்து மூடிக்கொள்கிறாள். பென்சோனி பிடித்தது அந்த நொடியைத்தான். தலை லேசாகத் தாழ்ந்திருக்கிறது. துணி உச்சியிலிருந்து முகத்தின்மேல் வழிந்து தோளுக்கு இறங்குகிறது. துணிக்கு அந்தப் பக்கம் மூக்கு, உதடு, மூடியதுபோன்ற இமை எல்லாம் தெரிகின்றன. துணி இல்லை, ஒரே கல் என்பதை மூளை அறியும், கண் ஒப்புக்கொள்ளாது.

கிட்டே போய்ப் பார்த்தால் வித்தை கொஞ்சம் பிடிபடும். முகத்துக்கு மேல் தனியாகத் துணி எதுவும் செதுக்கப்படவில்லை. நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய் என்று எங்கெல்லாம் எலும்பு முன்னே தள்ளுகிறதோ அங்கே துணி தோலோடு ஒட்டிவிட்டது. இடையிலுள்ள பள்ளங்களில் மட்டும் மெல்லிய மடிப்புக் கோடுகள். அந்தக் கோடு ஒன்று நெற்றியில் ஆரம்பித்து கண்ணைத் தாண்டிக் கன்னம் வரை அறுபடாமல் ஓடுகிறது. முகம் ஒரு மேடு பள்ளம், மடிப்பு இன்னொரு மேடு பள்ளம். இரண்டையும் பார்க்கிறவன் தானே பிரித்துப் படிக்கிறான். தாமிரபரணியில் முங்கி எழுந்தவர் உடம்பில் ஒட்டிய ஈரத்துணியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மிச்ச உதவி பளிங்கினுடையது. வெள்ளைப் பளிங்குக்குள் வெளிச்சம் கொஞ்சதூரம் நுழைந்து திரும்பும். அதனால் அதன் மேல்தோல் மிருதுவாகத் தெரிகிறது. கிருஷ்ணாபுரத்துக் கருங்கல்லில் இது நடக்காது. அங்கே வெளிச்சம் கல்லின் மேலேயே நின்றுவிடும். அதனால்தான் அந்தத் தச்சர்கள் துணியை விட்டுவிட்டு நரம்பையும் நகத்தையும் பிடித்தார்கள்.

முக்காட்டுப் பெண் பென்சோனியின் கண்டுபிடிப்பு இல்லை. 1753இல் நேப்பிள்ஸில் சான்மார்த்தினோ, மெல்லிய துணி போர்த்திய இயேசுவின் உடலைச் செதுக்கினார். பென்சோனியின் காலத்தவரான ரஃபாயேல் மோந்தி முக்காட்டுப் பெண்களைச் செய்து இங்கிலாந்துப் பிரபுக்களிடம் விற்றார். ஸ்திராத்ஸா செய்த முக்காட்டு மாதா கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் இத்தாலியில் இது நல்ல சந்தை உள்ள சரக்கு.

அந்தச் சந்தைக்கு பென்சோனி வந்து சேர்ந்த வழி எளிதானது அல்ல. 1809இல் பெர்காமோ மலைப்பகுதியில், சொங்காவாத்ஸோ என்ற சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். இசேயோ ஏரிக்கரையில் ரீவா தி சோல்தோ என்ற ஊரில் மாமாவின் தச்சுப் பட்டறையில் மரத்தோடு பழகினார். அதே ஏரிக்கரையில்தான் லோவெரே. அங்கே லூயிஜி தாதினி என்ற பிரபு இருந்தார். அவருடைய ஒரே மகன் ஃபாவுஸ்தினோ 1799இல், கட்டிக்கொண்டிருந்த வளைவு இடிந்து விழுந்து இறந்துபோனான். மகனின் நினைவுக்கல்லை ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பியான கனோவாவிடமே செய்து வாங்கிய தாதினி, தன் சேகரிப்புக்கு ஏரிக்கரையில் ஒரு கலைக்கூடமும் கட்டினார். தச்சுப் பட்டறைப் பையனின் கைத்திறம் அவர் கண்ணில் பட்டது. கனோவாவின் அந்தக் கல்லைப் பிரதி செய்யக் கொடுத்துப் பார்த்தார். பிறகு லோவெரேயில் படிக்க வைத்து, ரோமுக்கு அனுப்பினார். பிள்ளையை இழந்தவர் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவிட்டார். 1829இல் தாதினி இறந்தபோது பென்சோனிக்கு இருபது வயது நிரம்பியிருக்காது, அல்லது அப்போதுதான் நிரம்பியிருக்கும்.

கனோவா 1822இலேயே போய்விட்டார். ஆனால் ரோம் அப்போதும் சிற்பிகளின் ஊர். டென்மார்க்கின் தோர்வால்ட்சன் பட்டறை நடத்தினார். ஆங்கிலேயர் ஜான் கிப்சன் நடத்தினார். பின்னால் அமெரிக்கர்களும் வந்து சேர்ந்தார்கள். பென்சோனி சான் லூகா கலைக்கழகத்தில் படித்து, பரிசு வாங்கி, சொந்தப் பட்டறை போட்டார். ‘புதிய கனோவா’ என்று புகழ்கிறவர்களும் இருந்தார்கள். ‘மன்மதனும் சைக்கியும்’, நாயோடு விளையாடும் குழந்தைகள், தன் ஊர்ப்பக்கத்துக்காரரான கர்தினால் ஆஞ்செலோ மாய்க்கு ரோமில் கல்லறைச் சின்னம் என்று வேலை குவிந்தது. பட்டறையில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் உளி பிடித்தார்கள்.

ஐம்பது பேர் என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். அது அந்தக் காலத்து முறை. சிற்பி களிமண்ணில் உருவம் செய்வார். அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு எடுப்பார்கள். வார்ப்பின்மேல் நூற்றுக்கணக்கான புள்ளி குறித்து, அளவுகோல் கருவியால் ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் பளிங்குக்கு மாற்றுவார்கள். வெட்டித் தள்ளுவது ஒருவர், துணி மடிப்பு ஒருவர், மெருகு ஒருவர். முகமும் கையும் போன்ற நுட்பமான இடத்துக்கு மட்டும் தேர்ந்த கை வரும். வார்ப்பு இருக்கிறவரைக்கும் அதே சிலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், கேட்டவர் கேட்ட அளவில். நம்மூர் ஸ்தபதி பட்டறையிலும் ஒருவர் கண் திறக்க, நாலு பேர் கல் உடைக்கத்தான் செய்கிறார்கள்.

ஆக, ஹைதராபாத்தின் ரெபெக்காள் தனி ஒருத்தி அல்ல. அட்லாண்டாவில் ஒருத்தி, டெட்ராய்ட்டில் ஒருத்தி, மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் ஒருத்தி என்று அமெரிக்காவிலேயே அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏமாறத் தேவையில்லை. ஒவ்வொரு கல்லிலும் அந்த மடிப்பை மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும். ஒரு உளி தவறினால் மூக்கோடு போய்விடும். பென்சோனியின் ‘பொம்பேயிலிருந்து தப்பியோட்டம்’ ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தாவரவியல் பூங்காவில் நிற்கிறது. எரிமலைச் சாம்பல் கொட்டும்போது மனைவியையும் குழந்தையையும் ஒருவன் துணியால் மூடிக் காக்கிறான். அங்கேயும் துணிதான். மனிதருக்குத் துணியின்மேல் அப்படி ஒரு பிடிப்பு.

கலை வரலாறு எழுதுகிறவர்கள் பென்சோனிக்கு அதிக இடம் கொடுப்பதில்லை. பெர்னினி, கனோவாவுக்குப் பக்கத்தில் அவரை வைக்க மாட்டார்கள். அது நியாயமான கணக்குத்தான். ரெபெக்காளிடம் வியப்பு இருக்கிற அளவுக்கு ஆழம் இல்லை. முக்காட்டை எடுத்துவிட்டால் அந்த முகம் ரோம் பட்டறைகளின் ஆயிரம் அழகான முகங்களில் ஒன்று. ஆனால் சிலைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்து வரவில்லை. கிருஷ்ணாபுரத்துக் குறவனின் நரம்பைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கிற அதே விரல்தான் இங்கே கயிற்றுக்கு இந்தப் பக்கம் துடிக்கிறது.

ரோம் 1870இல் போப்பின் கையிலிருந்து இத்தாலிய அரசின் கைக்கு மாறியது. பென்சோனி அந்தப் புதிய தலைநகரை அதிக நாள் பார்க்கவில்லை. 1873இல் அங்கேயே இறந்தார். சாலார் ஜங் வாங்கியபோது சிற்பி செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஹைதராபாத்தில் தன் பெயரைத் தினமும் இத்தனை பேர் வாசிப்பார்கள் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால் சார்மினார் நடக்கிற தூரம்தான். வழியில் பத்தர்கட்டி, இரண்டு பக்கமும் முத்துக் கடை. கடலே இல்லாத ஊர் தன்னையும் முத்துநகர் என்று சொல்லிக்கொள்கிறது. நிஜாம்கள் காலத்தில் பஸ்ரா முத்து வந்தது. இன்றைக்கு வருவதில் பெரும்பகுதி சீனாவின் நன்னீர் முத்து. இங்கே துளை போட்டு, நிறம் பிரித்து, கோர்த்து விற்கிறார்கள். தூத்துக்குடிக்காரர் மாலையைக் கையில் வாங்கி, “எந்தக் கடல்?” என்று கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “பல்லில் தேய்த்துப் பாருங்கள், சார்” என்பார். நரநரவென்றால் அசல், வழுக்கினால் கண்ணாடி. கடல் எது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் கிடையாது. மற்ற நாளில் இசைக் கடிகாரம் மணி அடிக்கும் நேரத்துக்கு, முக்கியமாகப் பன்னிரண்டு மணிக்கு, உள்ளே இருக்கிற எல்லோரும் முற்றத்துக்கு ஓடுவார்கள். கடிகாரத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன மனிதன் வந்து மணியடிக்கிற வேடிக்கையைப் பார்க்க பெஞ்சுகூடப் போட்டிருக்கிறது. ரெபெக்காளை செல்பிக் கூட்டமில்லாமல் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவளிடம் போய்விட வேண்டும். கடிகாரத்தை ஒரு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அடிக்க வேண்டியதும் ஒரே ஒரு மணிதான்.